அப்பாவின் ஐந்து வரிகள்: பழைய மிட்வெஸ்ட் டைரிகளை வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

"குளிர். பன்றிகளுக்குத் தீனி அரைத்தோம். மாலை டவுனுக்குப் போனோம்." 1940களிலும் 50களிலும் அமெரிக்காவின் மிட்வெஸ்ட் எனும் நடுமேற்குப் பகுதியில் ஒரு பண்ணைக் குடும்பத்து அப்பா எழுதிய டைரியைத் திறந்தால், பெரும்பாலும் இந்தத் தோரணையில்தான் வரிகள் ஓடும். நாலு பக்கம் புரட்டியதும் பலர் மூடி வைத்துவிடுகிறார்கள். மனம் திறந்து எழுதிய டைரியைத் தேடி வந்தவர்களுக்கு இது வரவுசெலவுக் கணக்காகத் தெரிகிறது. வாசிக்கும் முறை தெரிந்தால், ஒரு குடும்பத்தின் பத்து, இருபது ஆண்டு வாழ்க்கையை இதைவிட நெருக்கமாகக் காட்டும் எழுத்து கிடைப்பது அரிது. இந்த அப்பாக்கள் மனதில் இருந்ததை எழுதவில்லை. அன்று என்ன வேலை நடந்தது, யார் கூட நின்றார்கள் என்று எழுதினார்கள். பாசமும் பயமும் கோபமும் அந்த வேலைகளுக்குள்தான் இருக்கின்றன.

இதை எழுதும்போது மூன்று வகையான தமிழ் வாசகர்களை நினைத்துக்கொண்டேன். அந்தப் பகுதியின் அயோவா மாநிலத்திலோ மினசோட்டா மாநிலத்திலோ குடியிருந்து, பழைய வீட்டுச் சாமான் விற்பனையில் டைரிக் கட்டு ஒன்றை வாங்கி வந்தவர்கள் ஒரு வகை. அந்த ஊர்க் குடும்பத்தில் மணம் முடித்து, மாமனாரின் அப்பா எழுதிய நோட்டுகள் கைக்கு வந்தவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகையினருக்கு நோட்டே தேவையில்லை. அயோவா பல்கலைக்கழக நூலகம் 2011 முதல் பழைய டைரிகளையும் கடிதங்களையும் படம் பிடித்து இணையத்தில் போட்டு, அவற்றை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்து தரலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. 'டிஐஒய் ஹிஸ்டரி' என்று அதற்குப் பெயர். சிகாகோவின் நியூபெரி நூலகமும் மிட்வெஸ்ட் குடும்பங்களின் கையெழுத்துப் பிரதிகளை இதேபோல் வைத்திருக்கிறது. மதுரையில் உட்கார்ந்துகொண்டும் இந்த வேலையைச் செய்யலாம்.

முதலில் நோட்டைப் பாருங்கள், எழுத்தை அப்புறம்

அந்தக் காலத்தில் அதிகம் புழங்கியது ஐந்தாண்டு டைரி. ஒரு பக்கத்துக்கு ஒரு தேதி. அந்தப் பக்கத்தில் ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆண்டுக்கு. ஒரு கட்டத்தில் நாலைந்து வரிதான் பிடிக்கும். மார்ச் 14ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தால், ஐந்து ஆண்டுகளின் மார்ச் 14 ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். எழுதிய அப்பா தினமும் பேனாவை எடுக்கும்போது, போன வருடம் இதே நாளில் என்ன செய்தோம் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருப்பார். "போன வருஷத்தைவிட எட்டு நாள் பிந்தி ஓட்ஸ் விதைத்தோம்" என்ற வகை வரிகள் அப்படி வந்தவை.

இன்னொரு வகை, சட்டைப் பையில் வைக்கும் சின்ன நோட்டு. விதைக் கம்பெனிகளும் வங்கிகளும் தானியக் கிடங்குகளும் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகத் தந்தவை. முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் புஷல் என்ற தானிய அளவுக்கான கணக்கு அட்டவணை. இதில் வயலில் நின்றபடி பென்சிலில் எழுதுவார்கள். இரவில் அதைப் பார்த்துப் பெரிய நோட்டில் எழுதுவதும் உண்டு. ஒரே நாளுக்கு இரண்டு பதிவு கிடைத்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன நோட்டில் இருந்து பெரிய நோட்டுக்கு ஏறாமல் போன விஷயம் எது என்று பார்ப்பது பயனுள்ள வேலை.

கையில் இருப்பது அசல் நோட்டு என்றால், கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொட்டால் போதும். பருத்திக் கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் உணர்வு போய்விடும், ஓரம் கிழியும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். பக்கங்களுக்கு நடுவில் ரசீதோ காய்ந்த பூவோ இருந்தால், அது இருந்த இடத்தோடு சேர்த்துப் படம் எடுத்த பிறகுதான் நகர்த்த வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், மொபைலை நேர் மேலே பிடித்து ஒவ்வொரு பக்கத்தையும் அட்டையிலிருந்து அட்டை வரை எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். கோப்புப் பெயரில் நோட்டின் எண்ணும் பக்க எண்ணும் இருந்தால் போதும்.

ஆண்டு எது என்று உறுதி செய்வது

அச்சடித்த ஆண்டை அப்படியே நம்பிவிடக் கூடாது. வீணாக்க மனமில்லாத மனிதர்கள் இவர்கள். 1930களின் பொருளாதார மந்த காலத்தைத் தாண்டி வந்தவர்கள், எழுதாமல் கிடந்த 1943 டைரியை எடுத்து 1946இல் எழுதுவார்கள். கிழமையை அடித்துத் திருத்தியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

சோதிக்க எளிய வழி கிழமை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச் வரும். சர்ச்சுக்குப் போன தேதிகளைக் குறித்துக்கொண்டு நாட்காட்டியோடு பொருத்துங்கள். ஆனால் 1943க்கும் 1954க்கும் ஒரே நாட்காட்டிதான். 1949க்கும் 1955க்கும் அப்படியே. அந்த இடத்தில் ஈஸ்டர் கை கொடுக்கும். 1943இல் ஈஸ்டர் ஏப்ரல் 25, வரக்கூடியதிலேயே மிகப் பிந்திய தேதி. 1954இல் அது ஏப்ரல் 18.

மையும் சாட்சி சொல்லும். பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளில் பரவலாக விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபர் இறுதியில். 1942ஆம் ஆண்டுப் பக்கத்தின் ஓரத்தில் பால்பாயின்ட் எழுத்து இருந்தால், யாரோ பின்னால் வந்து எழுதியிருக்கிறார்கள். அப்பாவே வயதான பிறகு படித்துச் சேர்த்திருக்கலாம், மகளாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒரே குரலாகக் கலந்துவிடாதீர்கள்.

நேரத்தில் ஒரு சிக்கல் உண்டு. 1942 பிப்ரவரி 9 முதல் 1945 செப்டம்பர் 30 வரை நாடு முழுக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. போர் முடிந்த பிறகு 1966 வரை இதற்கு நாடு தழுவிய ஒரே விதி இல்லை. கோடையில் டவுன் ஒரு நேரம் வைத்துக்கொள்ளும், பசு மாடு இன்னொரு நேரத்தில் பால் கறக்க நிற்கும். "வேக நேரம்", "மெதுவான நேரம்" என்று டைரியில் வந்தால் இதுதான் சங்கதி: முன்னால் தள்ளிய கடிகாரம் வேக நேரம், தள்ளாதது மெதுவான நேரம்.

ஓர் ஆண்டின் ஓட்டத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனால் பிறகு எதுவும் பிடிபடாது. நம் ஊரில் ஆடிப் பட்டம் என்றால் என்ன, தை அறுவடை என்றால் என்ன என்று விவசாயக் குடும்பத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை அல்லவா, அதுபோல் இவர்களுக்கும் மாதம் சொன்னாலே வேலை தெரியும். அதனால் காரணத்தை எழுத மாட்டார்கள்.

அயோவாவை எடுத்துக்கொள்வோம். ஜனவரி, பிப்ரவரியில் தீனி, பால், பனி தள்ளுதல், இயந்திரம் பழுது பார்த்தல், கணக்கு. மார்ச் 1 முக்கியமான நாள். குத்தகைப் பண்ணைக்காரர்கள் ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயரும் நாள் அது. பனி உருகிச் சாலையெல்லாம் சேறாகக் கிடக்கும் நேரத்தில், மாடு, அடுப்பு, கட்டில், குழந்தைகள் எல்லாம் ஒரே நாளில் இடம் மாறும். மார்ச் முதல் வாரப் பக்கங்களில் பக்கத்துப் பண்ணைக்காரர்களின் பெயர்கள் திடீரென்று மாறினால் குழம்ப வேண்டாம். ஆள் மாறிவிட்டார்கள்.

மார்ச்சிலும் ஏப்ரலிலும் பன்றிகள் குட்டி போடும். இரவு முழுக்க விழித்திருப்பார் அப்பா. அஞ்சலில் கோழிக்குஞ்சுகள் வரும். ஒரு நாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் அடைத்து அனுப்புவதை அமெரிக்க அஞ்சல்துறை 1918 முதலே ஏற்றுக்கொண்டிருந்தது. ஓட்ஸ் விதைப்பு முடிந்ததும் மே மாதம் மக்காச்சோளம். அந்தக் காலத்தில் முடிச்சுப் போட்ட கம்பி ஒன்றை வயல் நெடுக இழுத்துக் கட்டி, முடிச்சு வரும் இடத்தில் மட்டும் விதை விழும்படி நடுவார்கள். செடிகள் ஏறக்குறைய 40 அங்குல இடைவெளியில் சதுரம் சதுரமாக நிற்கும். அப்போதுதான் நெடுக்கிலும் குறுக்கிலும் களை உழ முடியும். "குறுக்கே உழுது முடித்தோம்" என்ற ஒரு வரியில் எத்தனை மைல் நடையும் வண்டி ஓட்டமும் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

மே 30 இறந்தவர்களை நினைக்கும் நாள். தோட்டத்துப் பியோனிப் பூக்களை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போவார்கள். டைரியில் அது பெரும்பாலும் 'டெகரேஷன் டே'. அந்தத் தேதிப் பதிவை விடாமல் படியுங்கள். எந்தெந்தக் கல்லறைக்குப் போனார்கள் என்பதில், வேறெங்கும் பெயர் வராத ஒரு குழந்தையின் கல்லறையும் இருக்கலாம்.

ஜூனில் முதல் உலர்புல் வெட்டு. ஜூலையில் ஓட்ஸ் கதிரடிப்பு. இதற்குப் பத்துப் பன்னிரண்டு பண்ணைகள் கூட்டாக ஓர் இயந்திரம் வைத்து, வரிசையாக ஒவ்வொரு பண்ணையிலும் அடித்துக்கொடுப்பார்கள். யார் வீட்டில் அன்று அடிப்போ அந்த வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அறுத்து அடிக்கும் கம்பைன் இயந்திரம் 1940களிலும் 50களிலும் பரவியதும் இந்தக் கூட்டு கலைந்தது. ஒரு டைரியில் ஜூலை மாதம் பத்துப் பேர் வந்த பண்ணையில், சில ஆண்டுகள் கழித்து அப்பாவும் பையனும் மட்டும் நிற்பதைப் பார்ப்பீர்கள். அதைப் பற்றி அவர் ஒரு சொல்கூட எழுதியிருக்க மாட்டார். ஐந்தாண்டு டைரியில் ஒரே பக்கத்திலேயே அந்த மாற்றம் தெரியும்.

ஆகஸ்ட் என்றால் மாவட்டச் சந்தை, 4-எச் என்ற சிறுவர் மன்றத்துப் பிள்ளைகளின் கன்றுக்குட்டிப் போட்டி. அக்டோபர், நவம்பர் முழுக்க மக்காச்சோளம் ஒடித்தல். பிறகு பனி.

டவுனில் வேலை பார்த்த அப்பாக்களின் டைரியில் இந்த ஓட்டம் வேறு. அயோவாவில் வாட்டர்லூ ஊரின் ஜான் டியர் டிராக்டர் ஆலையிலோ, மினசோட்டாவில் ஆஸ்டின் ஊரின் ஹார்மெல் இறைச்சி ஆலையிலோ வேலை செய்தவர் என்றால் ஷிப்ட், ஓவர்டைம், சங்கக் கூட்டம் ஆகியவைதான் அச்சாணி. முறை ஒன்றுதான்: முதலில் வேலையின் தாளத்தைப் பிடியுங்கள்.

அளவுகளில் வழுக்காதீர்கள்

வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் இருக்கும். "90" என்றால் 32 டிகிரி செல்சியஸ், நம் சென்னைக்கு இதமான நாள். "12 கீழே" என்றால் சுழியத்துக்குக் கீழே 12 ஃபாரன்ஹீட், அதாவது செல்சியஸில் மைனஸ் 24. உதிர்த்த மக்காச்சோளம் ஒரு புஷல் 56 பவுண்டு, சுமார் 25 கிலோ. ஓட்ஸ் ஒரு புஷல் 32 பவுண்டுதான். முட்டைப் பெட்டி ஒன்றுக்கு 30 டஜன். "இரண்டு பெட்டி முட்டை" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தால் அது 720 முட்டை.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் பன்றி விலை. "பன்றி 18.50" என்றால் ஒரு பன்றியின் விலை இல்லை. 100 பவுண்டு எடைக்கு 18 டாலர் 50 சென்ட். 240 பவுண்டுப் பன்றி என்றால் 44 டாலர் 40 சென்ட் கைக்கு வந்திருக்கும்.

சாப்பாட்டு நேரமும் முக்கியம். இவர்கள் வீட்டில் 'டின்னர்' மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு 'சப்பர்'. இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் விருந்தாளிகள் வந்த நேரமே தலைகீழாகிவிடும்.

ஒரு பதிவைப் பிரித்து மேய்வோம்

விளக்கத்துக்காக நானே ஒரு பதிவை இந்த டைரிகளின் போக்கில் எழுதுகிறேன். யாருடைய நோட்டிலிருந்தும் எடுத்ததில்லை.

"வியாழன். 12 கீழே, வடமேற்குக் காற்று. பம்ப் உறைந்தது. மக்காச்சோளம் உதிர்த்தோம், 1,100 புஷல், எட்டுப் பேர் டின்னருக்கு. எச். வரவில்லை. பையனுக்கு இன்னும் காய்ச்சல். சர்ச் கூட்டம், போகவில்லை."

முதலில் வானிலை. இதை அலங்காரம் என்று தள்ளாதீர்கள். பம்ப் உறைந்தால் மாடுகளுக்குத் தண்ணீர் இல்லை. விடியும் முன்னே கொதிநீர் ஊற்றி இளக்கியிருப்பார்கள். 1,100 புஷல் என்பது 28 டன் தானியம். காற்றுப் புக இடைவெளி விட்டுக் கட்டிய மரக்களஞ்சியத்தில் கதிராகவே சேமித்து வைத்த மக்காச்சோளத்தை, விலை ஏறும்போது உதிர்க்கும் இயந்திரத்தை வரவழைத்து ஒரே நாளில் முடிப்பார்கள். அந்தக் குளிரிலும் அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றால், விலை நன்றாக இருந்திருக்கலாம், அல்லது வங்கிக்குப் பணம் கட்ட வேண்டியிருந்திருக்கலாம். முந்திய வாரத்துப் பக்கங்களில் இரண்டில் எது என்று தேடுங்கள்.

"எட்டுப் பேர் டின்னருக்கு." இந்த வாக்கியத்தில் சமைத்தவர் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் பையனையும் பார்த்துக்கொண்டு, எட்டு ஆட்களுக்கு இறைச்சியும் உருளைக்கிழங்கும், பழம் வைத்துச் சுடும் 'பை'யும் செய்து போட்டவர் அம்மா.

"எச். வரவில்லை." பக்கத்துப் பண்ணைக்காரராக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம். உதிர்ப்புக்கு வருவது இவர்களிடையே கடன் போன்ற கடமை. வராதது செய்தி. அடுத்த மாதங்களில் எச். பெயர் வருகிறதா என்று பின்தொடருங்கள்.

"இன்னும்" என்ற ஒரு சொல், காய்ச்சல் முந்தியே தொடங்கிவிட்டது என்கிறது. சர்ச்சுக்குப் போகாததன் காரணத்தை அவர் எழுதவில்லை. இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால் தெரிகிறது. இதுதான் இந்த வாசிப்பின் அடிப்படை: ஒட்டி நிற்கும் வரிகளைச் சேர்த்துப் படியுங்கள், அவர் போடாத 'அதனால்' எங்கே விழ வேண்டும் என்று பாருங்கள். ஆனால் அந்த 'அதனால்' உங்களுடையது, அவருடையது இல்லை என்பதைக் குறிப்பில் எழுதி வையுங்கள்.

அம்மாவைத் தேடுங்கள்

அப்பாவின் டைரியில் அம்மாவுக்குப் பெயர்கூட இருக்காது. "வீட்டுக்காரி", "அம்மா", சில சமயம் ஓர் எழுத்து மட்டும். அதனால் நான் தனியாக ஒரு தாள் வைத்து, எழுவாய் இல்லாத வேலைகளையெல்லாம் அதில் எடுத்து எழுதச் சொல்வேன். "40 ஜாடி தக்காளி." யார் பதப்படுத்தியது? "குஞ்சுக் கொட்டகை சுத்தம்." "டவுனில் முட்டை விற்றோம்." முட்டைப் பணமும் பாலாடைப் பணமும் பெரும்பாலான வீடுகளில் அம்மாவின் கையில் இருந்தன. சனிக்கிழமை இரவு டவுனில் கடைகள் நேரம் கழித்துத் திறந்திருக்கும்போது, மளிகையும் செருப்பும் அந்தப் பணத்தில்தான் வந்தன. தீவனச் சாக்கே பூப்போட்ட துணியில் வந்த காலம் அது. அதைப் பிரித்துச் சட்டையும் பாவாடையும் தைத்தார்கள். அப்பா தீவனம் வாங்கியதைத்தான் எழுதுவார்.

ஒரு மாதம் இப்படி எடுத்து எழுதினால் அந்தத் தாள் நிரம்பிவிடும். டைரியில் அதிகம் உழைத்த ஆள் யார் என்பதும் தெரிந்துவிடும்.

பிரசவ நாட்களைக் கவனியுங்கள். காலையில் குழந்தை பிறந்த நேரமும் எடையும், அதே பதிவில் மதியம் ஓட்ஸ் விதைத்த ஏக்கர் கணக்கும் இருக்கும். இதைக் கல்நெஞ்சம் என்று எடுத்துக்கொள்ளும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன்: பவுண்டும் அவுன்சுமாக எடை எழுதியிருக்கிறார் பாருங்கள். பிறகு வரும் பத்து நாட்களில் எத்தனை முறை ஆஸ்பத்திரிக்குக் காரோட்டிப் போயிருக்கிறார் என்று எண்ணுங்கள். விதைப்புக் காலத்தில் பகல் வெளிச்சத்தை விட்டுவிட்டு டவுனுக்குப் போவது இவர்களுக்குச் சாதாரண விஷயமில்லை.

ஊரையும் ஆட்களையும் கண்டுபிடிப்பது

டைரியில் ஆட்கள் முதல் பெயரோடு வருவார்கள். அவர்களை அடையாளம் காண இரண்டு சாதனங்கள் போதும். ஒன்று 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 72 ஆண்டு விதிப்படி 2022 ஏப்ரல் 1 அன்று வெளியிடப்பட்டது. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கணக்கெடுப்பாளர் வீடு வீடாகச் சாலை வழியே போனதால், உங்கள் குடும்பத்தின் பெயருக்கு மேலும் கீழும் இருப்பவர்கள் பெரும்பாலும் பக்கத்துப் பண்ணைக்காரர்கள். பெயர் அட்டவணையைத் தொடக்கத்தில் கணினியே கையெழுத்தை வாசித்து உருவாக்கியது. தேடிக் கிடைக்காவிட்டால் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

இரண்டாவது, நில உரிமையாளர் வரைபடப் புத்தகம். உள்ளூர்க்காரர்கள் 'பிளாட் புக்' என்பார்கள். மிட்வெஸ்ட் நிலம் பெரும்பாலும் சதுரமாக அளக்கப்பட்டது. 6 மைலுக்கு 6 மைல் ஒரு டவுன்ஷிப். அதில் 36 செக்ஷன், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். அதிலும் கால் பங்குதான் டைரியில் வரும் "வடக்கு நாற்பது". இந்த வரைபடத்தை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டு படித்தால், "ஒரு மைல் தெற்கே போய்ப் பன்றி பிடித்தோம்" என்ற வரியில் எந்த வீடு என்று விரல் வைத்துச் சொல்லிவிடலாம்.

உள்ளூர் வாரப் பத்திரிகைகளில் யார் வீட்டுக்கு யார் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள் என்பதுகூடச் செய்தியாக வரும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 'குரோனிக்ளிங் அமெரிக்கா' தளத்தில் அப்படிப்பட்ட பல பத்திரிகைகள் உள்ளன. மாவட்ட வரலாற்றுச் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலும் பதில் வரும்.

வெளியுலகம் டைரிக்குள் நுழையும் இடங்கள்

போர் வந்தாலும் இவர்கள் போரை எழுத மாட்டார்கள். டயர் கிடைக்காததை எழுதுவார்கள். 1942 ஜனவரியில் டயர், மே மாதம் சர்க்கரை, நவம்பர் இறுதியில் காபி, டிசம்பரில் நாடு முழுக்கப் பெட்ரோல், 1943 மார்ச்சில் இறைச்சியும் வெண்ணெயும் ரேஷனுக்கு வந்தன. சர்க்கரை மட்டும் 1947 ஜூன் வரை ரேஷனில் இருந்தது. பதப்படுத்தும் ஜாடிகளுக்குக் கூடுதல் சர்க்கரை கேட்டு விண்ணப்பித்த நாள் டைரியில் இருக்கும். மகனை ராணுவப் பேருந்து ஏற்றிவிட்ட நாளும் அதே அளவு வரியில்தான் இருக்கும்.

1940 நவம்பர் 11 பக்கம் இருந்தால் முதலில் அதைத் திறங்கள். காலையில் சட்டையோடு திரியும் அளவுக்கு வெதுவெதுப்பு, மதியத்துக்குள் பனிப்புயல். மினசோட்டாவிலும் அயோவாவிலும் சுற்றிலும் வாத்து வேட்டைக்குப் போனவர்கள் உட்பட 140 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த நாளை அவர் எப்படி எழுதினார் என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டால், மற்ற நாட்களில் அவருடைய "மோசமான காற்று" எவ்வளவு மோசம் என்று கணக்கிடலாம்.

மின்சாரம் வந்த நாளைத் தேடுங்கள். கிராம மின்மயமாக்கல் அமைப்பு 1935இல் தொடங்கியபோது அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம். கம்பம் நட்ட நாள், வீட்டுக்குள் ஒயர் இழுத்த நாள், விளக்கு எரிந்த நாள் மூன்றும் தனித்தனியாக வரும். பிறகு சில வாரங்களில் சலவை இயந்திரமோ பிரிட்ஜோ வாங்கியிருப்பார்கள். அம்மாவுக்கான தாளையும் அப்போது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1950களின் முற்பகுதிக் கோடைகளில் போலியோ. 1952இல் மட்டும் நாடு முழுக்கச் சுமார் 58,000 பேருக்கு வந்தது. மினசோட்டா மாநிலச் சந்தையையே 1946இல் போலியோவால் ரத்து செய்திருந்தார்கள். டைரியில் இது "பிள்ளைகள் நீச்சலுக்குப் போகவில்லை" என்ற ஒரே வரியாகத்தான் வரும். சால்க் தடுப்பூசி வேலை செய்கிறது என்று மிச்சிகனின் ஆன் ஆர்பரில் அறிவித்த நாள் 1955 ஏப்ரல் 12. அதன்பிறகு பள்ளியில் ஊசி போட்ட நாளைத் தேடிப் பாருங்கள்.

தட்டச்சு செய்யும்போது

எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். நிறுத்தற்குறி சேர்க்காதீர்கள். வரி எங்கே முறிகிறதோ அங்கேயே முறியுங்கள். புரியாத சொல்லுக்குச் சதுர அடைப்பில் கேள்விக்குறி போட்டு விட்டுவிட்டு மேலே போங்கள். இருபது பக்கம் தாண்டியதும் அந்தக் கையெழுத்து உங்களுக்குப் பழகிவிடும், அப்போது திரும்பி வந்து நிரப்பலாம். அவர் எழுத்துக்களை எப்படிப் போடுகிறார் என்பதற்குக் கிழமைப் பெயர்களையும் மாதப் பெயர்களையும் மாதிரியாக வையுங்கள். அவை என்னவென்று ஏற்கெனவே தெரியும் என்பதால் மற்ற சொற்களைப் படிக்க அவையே திறவுகோல்.

எழுதாமல் விட்ட நாட்களையும் பதிவு செய்யுங்கள். பதினைந்து வருடம் ஒரு நாள் விடாமல் எழுதியவர் நாலு நாள் எழுதவில்லை என்றால், அந்த நாலு நாளுக்கு உள்ளூர்ப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள்.

தமிழில் மொழிபெயர்க்க விரும்பினால் ஒரு வேண்டுகோள். சுருக்கத்தை நிரப்பாதீர்கள். "பையனுக்குக் காய்ச்சல்" என்று அவர் எழுதியதை "என் அன்பு மகனுக்குக் காய்ச்சல் கண்டு தவித்தேன்" என்று ஆக்கிவிட்டால், அந்த மனிதரே காணாமல் போய்விடுவார்.

வெளியிடும் முன்

நோட்டை விலைக்கு வாங்கியிருந்தாலும் எழுத்தின் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. அமெரிக்கச் சட்டப்படி, வெளியிடப்படாத கையெழுத்துக்கு எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. 1970இல் இறந்தவருடைய டைரிக்கு 2040 இறுதி வரை. உரிமை வாரிசுகளிடம் இருக்கும். அவர்களைத் தேடிக் கேட்டுவிட்டுத்தான் இணையத்தில் போட வேண்டும். அவர்கள் இப்படி ஒரு நோட்டு இருப்பதையே அறியாமல் இருக்கலாம்.

கடன், மனநல மருத்துவமனை, திருமணத்துக்கு முன் பிறந்த குழந்தை போன்ற விஷயங்கள் வந்தால், சம்பந்தப்பட்டவர்களோ அவர்கள் பிள்ளைகளோ உயிரோடு இருக்கிறார்களா என்று பாருங்கள். தட்டச்சில் வைத்திருங்கள், பொதுவில் வேண்டாம். அசல் நோட்டை விரும்பினால் அந்த மாநில வரலாற்றுச் சங்கத்திடம் ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும் முன் நோட்டு எங்கே, யாரிடமிருந்து கிடைத்தது என்பதை ஒரு தாளில் பென்சிலால் எழுதி நோட்டோடு சேர்த்து வையுங்கள். எந்த மாவட்டம், எந்த டவுன்ஷிப் என்று கண்டுபிடித்திருந்தால் அதையும், நீங்கள் அடையாளம் கண்ட பெயர்களின் பட்டியலையும் கூடவே கொடுங்கள். அந்தப் பட்டியலில் அம்மாவின் முழுப்பெயரை, கல்யாணத்துக்கு முந்திய குடும்பப் பெயரோடு, முதல் வரியில் எழுதுங்கள்.